இஸ்ரோவும் உலக நாடுகளும்: கொடுத்ததும் பெற்றதும்

துருவங்களைக் கடந்து செல்லும் ஒரு தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 100 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். எந்த ஒரு நாட்டின் ஆண்டெனாவுக்கும் அது சில நிமிடங்களே தென்படும். மற்ற நேரத்தில் அது பிற நாடுகளுக்கும் பெருங்கடல்களுக்கும் மேலே பறந்துகொண்டிருக்கும். அதற்குக் கட்டளை அனுப்பவும் அதன் உடல்நிலையை அறியவும் அயல்நாட்டு மண்ணில் தரைநிலையங்கள் தேவை. ஏவூர்தியின் நிலையும் இதுதான். கிளம்பிய சில நிமிடங்களில் அது தன் நாட்டு எல்லையைத் தாண்டிவிடும். எரிந்து முடிந்த அதன் அடுக்குகள் திறந்த கடலில் விழும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ இதற்காகவே மொரீஷியஸ், புருணை, இந்தோனேசியாவின் பியாக் தீவு ஆகிய இடங்களில் தரைநிலையங்களை வைத்திருக்கிறது.

சட்டமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. 1967-இன் விண்வெளி ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் தனியார் நிறுவனம் விண்வெளியில் செய்யும் செயலுக்கும் அந்நாட்டு அரசே பொறுப்பு. 1972-இல் கையெழுத்துக்கு வந்த இழப்பீட்டு ஒப்பந்தம் இன்னும் கடுமையானது. ஒரு விண்பொருள் பிற நாட்டு நிலத்தில் விழுந்து சேதம் விளைவித்தால், தவறு இருந்ததா என்ற கேள்விக்கே இடமின்றி ஏவிய நாடு ஈடுகட்ட வேண்டும்.

இந்தப் பொறுப்பு ஏவூர்தியின் பாதையையே வளைத்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே பறந்தால் வழியில் இலங்கை வரும். அதனால் துருவப் பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே பறந்து, இலங்கையைக் கடந்த பிறகே தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் எரியும் எரிபொருளால், சுமக்கக்கூடிய எடை குறைகிறது. பெரிய ஏவூர்திகள் இதைத் தாங்கிக்கொள்ளும், சிறிய எஸ்.எஸ்.எல்.வி.க்கு இழப்பு அதிகம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் அமைவதற்கு இதுவே முதன்மைக் காரணம். 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே திறந்த கடல்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது.

கூட்டுறவுக்கு இப்படித் தேவைகள் பல இருந்தாலும், அது எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: பேச்சுவார்த்தை மேசைக்கு ஒரு நாடு எதைக் கொண்டுவருகிறது என்பது. ஏழையாகத் தொடங்கி இணையான பங்காளி ஆன ஒரு நிறுவனத்தின் வரலாற்றில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அந்த வகையில் இஸ்ரோவைப் போல் வேறு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தும்பா: இருப்பிடமே முதலீடு

1960-களின் தொடக்கத்தில் இந்தியாவிடம் ராக்கெட் இல்லை, செயற்கைக்கோள் இல்லை, அவற்றை வாங்கப் பணமும் இல்லை. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு கேரளத்தின் தென்முனைக்கு அருகே கடந்து சென்றது. அந்தக் கோட்டின் மேலே, ஏறக்குறைய 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் வலிமையான ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அந்த உயரத்துக்கு பலூன்கள் எட்டாது. செயற்கைக்கோள்கள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது, காற்றின் உராய்வு இழுத்துவிடும். மேலே போய்ச் சில நிமிடங்கள் அளந்துவிட்டுக் கீழே விழும் ஆய்வு ராக்கெட்டுகளால் மட்டுமே அதை நேரில் தொட முடியும். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிடமும் ராக்கெட்டுகள் இருந்தன. காந்த நடுக்கோட்டில் பொருத்தமான ஏவுதளம் இல்லை.

இயற்பியலாளர் விக்ரம் சாராபாய் இந்த வாய்ப்பைச் சரியாகக் கண்டுகொண்டார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த மரிய மகதலேனா தேவாலயமும் ஆயர் இல்லமும் ஆய்வுக்கூடமும் அலுவலகமும் ஆயின. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் சிலர் நாசாவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். 1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி. அது சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸுடையது. தளத்துக்குக் கணினியும் ஹெலிகாப்டரும் தந்தது சோவியத் ஒன்றியம். உயரத்தில் வெளியேறிய சோடியம் ஆவி, கீழே இருள் சூழ்ந்த பின்னும் மேலே எஞ்சியிருந்த சூரிய ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அது காற்றில் நகர்வதைத் தரையிலிருந்து படமெடுத்து, மேல்வளிமண்டலக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டார்கள்.

கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அத்தகைய வேளையில் இரண்டு வல்லரசுகளின் கருவிகளையும் ஒரே தளத்தில் சேர்த்துவைக்க முடிந்ததற்கு, தளம் ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில், எல்லா நாட்டு அறிவியலாளர்களுக்கும் திறந்ததாக அமைந்ததே காரணம். 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அதை முறைப்படி ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார். பின்னர் சோவியத் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் பல ஆண்டுகள் வாரந்தோறும் அங்கிருந்து ஏவப்பட்டன. பிரான்ஸின் சென்டார் ராக்கெட்டை உரிமம் பெற்றுத் தும்பாவிலேயே தயாரித்ததில்தான் இந்தியப் பொறியாளர்களுக்குத் திட எரிபொருள் வார்க்கும் கை பழகியது. நிலத்தைக் கொடுத்துப் பயிற்சியைப் பெற்ற ஒப்பந்தம் அது.

2,400 கிராமங்கள், ஒரு செயற்கைக்கோள்

அடுத்து இந்தியா முன்வைத்தது தன் கிராமங்களை. விண்வெளியிலிருந்து சிறிய ஆண்டெனாக்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்ப முடியுமா என்று சோதிக்க நாசா ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோளை உருவாக்கியது. விண்ணில் குடைபோல் விரியும் அதன் ஆண்டெனாவின் குறுக்களவு 9 மீட்டருக்கும் சற்று அதிகம். அமெரிக்காவில் அதற்கு அவசரத் தேவை எதுவும் இல்லை. நிலத்தில் இயங்கும் ஒளிபரப்பு வலை நாடு முழுதும் இருந்தது. தொலைக்காட்சியே எட்டாத ஆயிரக்கணக்கான ஊர்கள் இந்தியாவில் இருந்தன. 1969-இல் இந்திய அணுசக்தித் துறையும் நாசாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செயற்கைக்கோள் மட்டும் அமெரிக்காவினுடையது. தரைநிலையங்கள், ஊர்களில் வைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகள், நிகழ்ச்சிகள், பழுதுபார்ப்பு எல்லாம் இந்தியாவின் பொறுப்பு.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் சோதனை நடந்தது. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையால் செய்த 3 மீட்டர் டிஷ்களும், மண்ணும் வெப்பமும் மின்தடையும் தாங்கும்படி இந்தியாவில் ஒருங்கிணைத்த பெட்டிகளும் ஊர்ப் பொது இடங்களில் வைக்கப்பட்டன. உழவு, உடல்நலம், பள்ளிக் கல்வி ஆகியவை நிகழ்ச்சிகளின் உள்ளடக்கம். கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஆண்டெனாவை நிறுவிக் கொடுத்தனர். புவிநிலைச் சுற்றுப்பாதையில் தகவல்தொடர்பு நிலையங்களை நிறுத்தலாம் என்று 1945-லேயே எழுதியவர் அவர்.

ஓராண்டு முடிந்ததும் ஏ.டி.எஸ்-6 திரும்ப நகர்த்தப்பட்டது, பெட்டிகளில் படம் நின்றது. இரவல் செயற்கைக்கோளின் எல்லை அது. ஆனால் அந்த ஓராண்டில் கிடைத்த நடைமுறை அறிவு எந்த நாடும் பாடநூலில் எழுதித் தந்துவிடக்கூடியது அல்ல. 1980-களில் வந்த இன்சாட் செயற்கைக்கோள் வரிசை இதன் மேல்தான் எழுந்தது.

இதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து 1975 ஏப்ரல் 19 அன்று ஆரியபட்டா ஏவப்பட்டது. யு. ஆர். ராவ் தலைமையில் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவான 360 கிலோ எடையுள்ள கோள் அது. ஐரோப்பா தன் புதிய ஏரியன் ஏவூர்தியின் சோதனைப் பறப்பில் கட்டணமின்றி இடம் தர, 1981 ஜூன் 19 அன்று ஆப்பிள் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் கூரூ ஏவுதளத்திலிருந்து சென்றது. சோதனைப் பறப்பில் இடம் கிடைத்தால் காசு மிச்சம். தோல்வியடைந்தால் கோளும் போகும். அந்த இடரை ஏற்கும் துணிவு இந்தியாவிடம் இருந்தது.

மகேந்திரகிரிக்கு வந்த இயந்திரம்

இந்திய விண்வெளி வரலாற்றின் மிகச் சிறந்த பண்டமாற்று 1974-இல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் கையெழுத்தானது. ஏரியனுக்காக வைக்கிங் என்ற திரவ எரிபொருள் இயந்திரத்தை அந்நிறுவனம் வடிவமைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பொறியாளர் கை தேவைப்பட்டது. இந்தியாவிடம் பொறியாளர்கள் இருந்தார்கள். எனவே இஸ்ரோ பொறியாளர்கள் 100 ஆள்-ஆண்டுகள் அளவுக்கு பிரான்ஸில் வேலை செய்வது, அழுத்தம் அளக்கும் கருவிகளைச் செய்து கொடுப்பது, பதிலாக வைக்கிங்கின் தொழில்நுட்பத்தைப் பெறுவது என்று முடிவானது. நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

வரைபடங்கள் மட்டும் கைமாறியிருந்தால் இந்த ஒப்பந்தம் காகிதத்தோடு நின்றிருக்கும். வடிவமைப்பு ஆய்வுக்கூட்டங்களிலும் சோதனைகளிலும் உடனிருந்ததால், ஒவ்வோர் அளவும் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். முழு இயந்திரம் எதுவும் இந்தியாவுக்கு அனுப்பப்படவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அப்படி உருவான விகாஸ் இயந்திரம் 1985-இல் பிரான்ஸின் வெர்னோனில் சோதிக்கப்பட்டு வென்றது. பின்னர் இத்தகைய சோதனைகளுக்குத் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் நிலையம் அமைந்தது. வைக்கிங்கைச் சுமந்த ஏரியன்-4 2003-இல் ஓய்வுபெற்றுவிட்டது. விகாஸ் இன்றும் பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்-3 ஆகிய மூன்று ஏவூர்திகளிலும் பறக்கிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் கிரையோஜெனிக் இயந்திரத்தில் ஏற்பட்டது. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் இந்த இயந்திரம் இல்லாமல் கனமான கோள்களைப் புவிநிலைப் பாதைக்கு அனுப்புவது கடினம். 1991-இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்கோஸ்மாஸ் அமைப்பு இயந்திரங்களையும் தொழில்நுட்பத்தையும் தர ஒப்புக்கொண்டது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை மீறுவதாகக் கூறி, 1992 மே மாதம் அமெரிக்க அரசு இஸ்ரோ மீதும் கிளாவ்கோஸ்மாஸ் மீதும் ஈராண்டுத் தடை விதித்தது. மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து, கிளம்புமுன் நீண்ட நேரம் நிரப்ப வேண்டிய எரிபொருளைப் போர் ஏவுகணைக்கு எவரும் விரும்பமாட்டார்கள் என்பது பொறியியலாளர்களுக்குத் தெரிந்ததே. அந்த வாதம் எடுபடவில்லை. சோவியத் சிதைவுக்குப் பின் பொருளாதார நெருக்கடியில் இருந்த ரஷ்யா 1993-இல் பின்வாங்கியது. தொழில்நுட்பம் கைவிடப்பட்டு, முடிந்த இயந்திரங்கள் ஏழு மட்டும் தருவதாக ஒப்பந்தம் மாறியது.

அந்த ஏழில் முதலாவது 2001 ஏப்ரல் 18 அன்று ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் பறப்பில் பயன்பட்டது. உள்நாட்டு இயந்திரத்துக்கான உழைப்பு மகேந்திரகிரியில் தொடர்ந்தது. 2010 ஏப்ரலில் அதன் முதல் பறப்பு தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வெற்றி கிட்டியது. மறுப்பினால் நன்மை விளைந்தது என்று சிலர் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இழந்த ஆண்டுகளையும், அந்த ஆண்டுகளில் கனமான கோள்களை ஏவ வெளிநாட்டு ஏவூர்திகளுக்குக் கொடுத்த கட்டணத்தையும் சேர்த்தாக வேண்டும்.

நிலவில் ஆறு அயல்நாட்டுக் கருவிகள்

2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1, இந்தியாவின் இடம் மாறியதைக் காட்டியது. அதிலிருந்த 11 கருவிகளில் 5 இந்தியாவினுடையவை. 3 ஐரோப்பிய விண்வெளி முகமை வழியாகவும், 2 நாசாவிடமிருந்தும், 1 பல்கேரியாவிலிருந்தும் வந்தன. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். அயல்நாட்டுக் கருவிகளைச் சுமக்க இந்தியா கட்டணம் கேட்கவில்லை. தரவுகளை இந்திய அறிவியலாளர்களும் பகிர்ந்துகொள்வது ஏற்பாடு.

அந்த ஏற்பாடு வீண்போகவில்லை. நாசாவின் நிலவுக் கனிமவரைவுக் கருவி, நிலவின் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒரு குறைவைக் கண்டது. ஹைட்ராக்சிலும் நீர் மூலக்கூறும் ஒளியை உறிஞ்சும் இடம் அது. நிலவு வறண்டது என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டு வந்ததால், கார்லி பீட்டர்ஸ் தலைமையிலான குழு கருவியின் பிழையாக இருக்குமோ என்று முதலில் ஐயப்பட்டது. நிலவைக் கடந்து சென்றிருந்த காசினி, டீப் இம்பாக்ட் என்ற இரண்டு அமெரிக்க விண்கலங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்ட பிறகே 2009 செப்டம்பரில் முடிவு வெளியானது. இந்தியா சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அந்தக் கருவி அப்போது நிலவை அடைந்திராது. அந்தக் கருவி இல்லாமல் சந்திரயான்-1-இன் பெயர் உலக அறிவியலில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திராது.

கூட்டாளியின் சறுக்கல் தன் திட்டத்தையும் நிறுத்திவிடும் என்பதைச் சந்திரயான்-2 உணர்த்தியது. 2007 உடன்பாட்டின்படி தரையிறங்கியை ரஷ்யா செய்ய வேண்டும். 2011 நவம்பரில் ரஷ்யாவின் ஃபோபோஸ்-கிரண்ட் விண்கலம் பூமிச் சுற்றுப்பாதையைத் தாண்டாமல் தோற்றதும், அதன் வடிவமைப்புகளை மறு ஆய்வு செய்ய நேர்ந்து, காலக்கெடு நழுவியது. இந்தியா தானே தரையிறங்கியைச் செய்யத் தீர்மானித்தது. 2019-இல் அது நிலவில் மோதி உடைந்தது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை நெருங்கிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. கலம் இந்தியாவினுடையது என்றாலும் அதன் வழிநெடுகிலும் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை ஆகியவற்றின் தரைநிலையங்கள் துணைநின்றன. தரையிறங்கியின் மேல் நாசா தந்த சிறிய லேசர் எதிரொளிப்பான் இருக்கிறது. 2023 டிசம்பரில் நிலவைச் சுற்றும் நாசாவின் ஆய்வுக்கலம் ஒன்று அதை நோக்கி லேசர் அனுப்பி, திரும்பி வந்த ஒளியைப் பெற்றது. அது மின்சாரம் இல்லாமலே பல ஆண்டுகள் நிலவில் அளவைக்குறியாக நிற்கும்.

ஒரே கலத்தில் இரண்டு ரேடார்கள்

பிரான்ஸுடன் செய்த மேகா-டிராபிக்ஸ் (2011) அரிய வகைத் திட்டம். நடுக்கோட்டுக்கு 20 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றியதால் வெப்பமண்டல மழைமேகங்களை ஒரே நாளில் பலமுறை பார்த்தது. பருவமழையை நம்பி வாழும் நாட்டுக்கும், வெப்பமண்டலக் காலநிலையை ஆராயும் பிரெஞ்சு அறிவியலாளர்களுக்கும் ஒரே தேவை இருந்தது. ஆயுள் முடிந்ததும் 2023 மார்ச் 7 அன்று அது கட்டுப்பாட்டோடு பசிபிக் பெருங்கடலுக்கு மேல் வளிமண்டலத்தில் இறக்கப்பட்டது. விண்குப்பையைக் குறைப்பதும் இன்று ஒரு பன்னாட்டுக் கடமை.

இணைக்கு இணை என்று சொல்லத்தக்க கூட்டுறவு, நாசாவுடன் சேர்ந்து செய்த நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள். 2014 செப்டம்பரில் உடன்பாடு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவல். 24 செ.மீ. அலைநீள ரேடாரை நாசாவும், ஏறத்தாழ 10 செ.மீ. அலைநீள ரேடாரை இஸ்ரோவும் செய்தன. நீண்ட அலை காட்டின் இலைத்தொகுதியை ஊடுருவி மரத்தண்டுகளையும் தரையையும் தொடும். குறுகிய அலை பயிர்களையும் மெல்லிய தாவரங்களையும் நன்கு உணரும். 12 மீட்டர் குறுக்களவுள்ள விரியும் கம்பிவலை ஆண்டெனாவை நாசா தந்தது. விண்கலத்தின் உடற்பகுதியையும் ஏவூர்தியையும் இஸ்ரோ தந்தது. 747 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி, நிலத்தின் சில மில்லிமீட்டர் அசைவையும் அளக்கக்கூடியது. இமயமலைப் பனியாறும் காவிரிப் படுகை நெல்வயலும் அதன் பார்வையில் வரும். தரவுகள் எவருக்கும் இலவசம்.

வேலை சுலபமாக முடிந்துவிடவில்லை. ரேடார்களைக் கலிபோர்னியாவில் இணைத்து, 2023-இல் விமானத்தில் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து விண்கலத்தோடு பொருத்தினார்கள். பிறகு ஆண்டெனா விண்ணில் மடிந்த நிலையில் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று தெரியவர, அது திரும்ப அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, வெப்பம் தடுக்கும் பூச்சோடு வந்தது. ஏவல் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. நிசாரைச் சுமந்து சென்றது உள்நாட்டு கிரையோஜெனிக் இயந்திரம் பொருத்திய ஜி.எஸ்.எல்.வி. 1992-இல் அமெரிக்க அரசு எந்தத் தொழில்நுட்பத்தைத் தடுத்ததோ, அதைத் தானே உருவாக்கிக்கொண்ட நாட்டின் ஏவூர்தியில் நாசாவின் ரேடார் ஏறியது.

கொடுக்கும் பக்கம்

பெற்ற உதவிகளைப் போலவே இஸ்ரோ செய்யும் உதவிகளும் கவனிக்கத்தக்கவை. 1999 மே மாதம் கொரிய, ஜெர்மானியச் சிறு கோள்களைச் சுமந்ததில் தொடங்கிய வெளிநாட்டு ஏவல் சேவை, 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 கோள்களை அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. அவற்றில் 101 வெளிநாட்டினுடையவை. இது வணிகம். வணிகம் அல்லாதது 2017 மே 5 அன்று ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோள். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகியவை அதில் பங்குகொண்டன, பாகிஸ்தான் விலகிக்கொண்டது. சொந்தக் கோள் செய்ய வசதியில்லாத நாடுகளுக்கு அதன் டிரான்ஸ்பாண்டர்கள் திறந்துவிடப்பட்டன. டேராடூனில் ஐ.நா. இணைப்புடன் 1995 முதல் இயங்கும் மையம் ஆசிய-பசிபிக் நாடுகளின் அறிவியலாளர்களுக்குப் பயிற்சி தருகிறது.

உயிர் காக்கும் கூட்டுறவு ஒன்றும் உண்டு. பெரும் பேரிடர்களின்போது உறுப்பு நிறுவனங்கள் தங்கள் கோள்களின் படங்களைக் கட்டணமின்றித் தரும் பன்னாட்டுச் சாசனத்தில் இஸ்ரோ 2001-இல் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இந்தியா, இலங்கை, இந்தோனேசியக் கரைகளுக்காக அந்தச் சாசனம் இயக்கப்பட்டது. எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, எந்த ஊருக்குள் நீர் புகுந்தது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு நாட்டின் கோள்கள் போதாது. பேரிடர் நேர்ந்த இடத்துக்கு மேல் அந்த நேரத்தில் யாருடைய கோள் வருகிறதோ, அதன் படம்தான் வேண்டும்.

மனிதப் பயணத்தில் இந்தியா இன்னும் கற்கும் நிலையில் இருக்கிறது. 1984-இல் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் பறந்தார். ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்ளிட்ட நால்வரும் ரஷ்யாவின் ககாரின் மையத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்றனர். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் அமெரிக்கக் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்று, இந்திய ஆய்வகங்கள் தந்த சோதனைகளைச் செய்து ஜூலையில் திரும்பினார்.

அடுத்த பெரிய கூட்டுத்திட்டம் ஜப்பானுடன். 2025 மார்ச்சில் இந்திய அரசு ஒப்புதல் தந்த சந்திரயான்-5, நிலவின் தென்துருவப் பகுதியில் உறைந்த நீரைத் தேடும். ஏவூர்தி ஜப்பானின் எச்-3, தரையிறங்கி இந்தியாவினுடையது, நிலவில் ஓடித் துளையிடும் ஊர்தி ஜப்பானுடையது. நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் தலா ஒரு கருவி தருகின்றன.